தாத்தாவின் பெயரில் நிற்கும் நிலம்

ஒரு பட்டறையின் கணக்கு முதன்முறையாக என்னிடம் வரும்போது மூன்று காகிதங்களைக் கேட்பேன். நிலத்தின் கிரயப் பத்திரம், பங்குதாரர் ஒப்பந்தம், கடைசியாகக் கட்டிய மின்கட்டண ரசீது. ஆடிட்டருக்கு மின்கட்டண ரசீது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். மூன்றாம் தலைமுறை நடத்தும் பல பட்டறைகளில் அந்த ரசீது இன்னும் தாத்தாவின் பெயரில் வருகிறது. அவர் காலமாகி முப்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கும். மின் இணைப்பையே மாற்றாதவர்கள் நிலத்தை மாற்றியிருக்க வாய்ப்பில்லை.

கோவையில் தொழில் செய்யும் குடும்பங்களுக்குத் தங்கள் தொடக்கக் கதை நன்றாகத் தெரியும். 1888இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கப் பட்டறைகள் முளைத்தன. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனதால் உழவர்களுக்குப் பம்பும் மோட்டாரும் தேவைப்பட்டன. அதைத் தொடர்ந்து வார்ப்படத் தொழில், பிறகு மாவரைக்கும் கிரைண்டர். ஆலையில் பிட்டராக இருந்தவர் ஒரு பழைய லேத்தை வாங்கித் தகரக் கொட்டகையில் நிறுத்தினார் என்றுதான் பல குடும்பக் கதைகள் தொடங்குகின்றன. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அவர் படத்துக்கு மாலை போட்டு, அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதைகள் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த லேத்தை வாங்கப் பணம் யார் கொடுத்தார், கொட்டகை நின்ற நிலம் அவருக்குப் பின் யாருக்குப் போனது என்பதெல்லாம் அந்தக் கதைகளில் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். தாத்தா தம் சம்பாத்தியத்தில் அரை ஏக்கர் வாங்கிப் பட்டறை போட்டவர். 1987இல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மகன்கள் இருவரும் பங்குதாரர்களாகித் தொழிலை வளர்த்தார்கள். மகள்கள் திருமணமாகி வெளியூர் போய்விட்டார்கள். பாட்டியும் பிற்பாடு உயில் இல்லாமல் காலமானார். பேரன்களுக்கு ஒரு நல்ல ஆர்டர் கிடைத்தது. அதற்குக் கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்குக் கடன் வேண்டும், கடனுக்கு நிலத்தை அடமானம் வைக்க வேண்டும்.

நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையைப் புரட்டினேன். கட்டடம் இருந்தது. நிலம் இல்லை. முப்பது ஆண்டுகளாக யாரும் அதைக் கேட்கவில்லை.

"பட்டா எங்கள் அப்பா, சித்தப்பா பெயரில்தானே இருக்கிறது?" என்றார் மூத்த பேரன். பட்டா மட்டும் ஒருவரை உரிமையாளர் ஆக்கிவிடாது. "பெண்களுக்குப் பங்கு என்பது 2005இல் வந்த சட்டம்தானே, தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டாரே?" என்று அடுத்துக் கேட்டார். இந்தத் தவறான எண்ணத்தை நான் மிகப் பல வீடுகளில் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. ஒருவர் தாமே சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே வழி சொல்லிவிட்டது: உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அந்தக் கணக்கில் 1987இல் நிலம் ஐந்து பங்காகிவிட்டது. பாட்டியின் பங்கும் நான்கு பிள்ளைகளுக்குப் போனதால், பட்டறை நிற்கும் நிலத்தில் சரிபாதி இரண்டு அத்தைகளுடையது.

அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய அத்தை போடவில்லை. பிறகு என் அலுவலகத்துக்கே வந்தார். எழுபதைத் தாண்டியவர், நிதானமாகப் பேசினார். "முதல் லேத்துக்கு என் அம்மா கழற்றிக் கொடுத்தது எட்டுப் பவுன். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் வேலையாட்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப்போவேன். என் தம்பிகளின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு பூஜைக்குக்கூடக் கூப்பிடாதவர்கள், கையெழுத்துக்கு மட்டும் வருகிறார்களே?"

அவர் கேட்டது பணம் மட்டுமல்ல. ஆனாலும் பணமும் அவருக்கு உரியதுதான் என்பதை அந்த மேசையில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உட்கார்ந்து பேசி, நிலத்தை மதிப்பிட்டு, அத்தைகளின் பங்குக்குத் தவணை முறையில் தொகை தருவதென்று முடிவாகிப் பத்திரம் பதிவாக ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த ஆர்டர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது. தாத்தா இருந்தபோதே ஒரு உயில் எழுதியிருந்தால் இது நேர்ந்திருக்காது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். நானாக இருந்தால் பதிவு செய்துவிடச் சொல்வேன், பின்னால் சந்தேகம் கிளப்புவது கடினம்.

பங்குதாரர் ஒப்பந்தம் இன்னொரு புதைகுழி. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடுகிறது. பழைய ஒப்பந்தங்களில் அந்த ஏற்பாடு பல நேரம் இருப்பதில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் வியாழக்கிழமை இறந்தார். வங்கி கணக்கை நிறுத்திவைத்தது. சனிக்கிழமை சம்பளத்துக்கு அவருடைய தம்பி தன் மனைவியின் வளையல்களை அடகு வைத்தார். ஒப்பந்தத்தில் 'நிறுவனம் தொடரும்' என்று ஒரு வரி இருந்தது, ஆனால் பங்குதாரர்கள் அண்ணன் தம்பி இருவர் மட்டுமே. ஒருவர் போனபின் மீதமிருக்கும் ஒருவரை வைத்துக் கூட்டாண்மை இருக்க முடியாது என்பதால் அந்த வரியும் கைகொடுக்கவில்லை. இருவர் மட்டும் நடத்தும் நிறுவனங்களில் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்படி அன்றிலிருந்து வற்புறுத்துகிறேன். அது மனைவியாகவோ மகளாகவோ இருக்கலாம். பெயருக்குச் சேர்த்தால் போதாது, கணக்கைப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தனி ஒருவர் பெயரில் தொழில் நடந்தால் சிக்கல் இன்னும் நெருங்கி வருகிறது. அவருடைய ஜிஎஸ்டி எண் அவருடைய பான் எண்ணோடு கட்டப்பட்டது. அவர் இறந்தால் தொழிலைத் தொடரும் வாரிசு புதிய எண் வாங்கித்தான் தொடர வேண்டும். பொருளின் மேல் பொறித்த பெயரையும் பாருங்கள். வணிகச் சின்னப் பதிவு பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிரியும்போது அந்தப் பெயர் யாருக்கு என்று எழுதிக்கொள்ளாமல், ஒரே பெயரில் இரண்டு பம்புகள் ஒரே கடையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

அந்தப் பம்பு உதிரிபாகக் குடும்பத்தின் புதிய பங்குதாரர் ஒப்பந்தத்தைப் போன ஆண்டு நான் பார்க்க எழுதினார்கள். வழக்கமாக ஆறு பக்கம் வரும் ஒப்பந்தம் பதினொரு பக்கம் வந்தது. நிறுவனத்தின் வரலாறு என்று ஒரு முன்னுரையைச் சேர்க்க வேண்டும் என்று மூத்த பேரன்தான் கேட்டார். முதல் லேத் பாட்டியின் எட்டுப் பவுன் நகையில் வாங்கப்பட்டது என்பதை, பெரிய அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, என் உதவியாளர் தட்டச்சு செய்தார்.