‘ஹைப்போ’வா, ‘ஹைப்பரா’?

சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு பெண்மணி, தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 18 என்று அச்சிட்டிருந்த ஆய்வுக்கூட அறிக்கையை மேசைமேல் விரித்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த ‘எச்’ குறியின்மேல் விரலை வைத்து, “அளவு கூடியிருக்கிறது, அப்படியென்றால் எனக்கு ஹைப்பர் தைராய்டுதானே டாக்டர்?” என்று கேட்டார். கூடியதைக் குறைக்கத்தான் வேண்டும் என்று தாமே முடிவுசெய்து, பல ஆண்டுகளாக எடுத்துவந்த தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையைப் பத்து நாட்களாக நிறுத்தியும் விட்டிருந்தார். உண்மையில் அவருக்கு இருப்பது ஹைப்போ தைராய்டு.

கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்றால் கீழ், ‘ஹைப்பர்’ என்றால் மேல். மூளையில் தலாமஸுக்குக் கீழே இருப்பதால்தான் ஹைப்போதலாமஸ் என்று பெயர். இடத்தைக் குறித்த இந்தச் சொற்கள் மருத்துவத்தில் அளவையும் குறிக்கலாயின: இருக்கவேண்டியதற்குக் கீழே இருந்தால் ஹைப்போ, மேலே போனால் ஹைப்பர். வடமொழியின் ‘உப’, ‘உபரி’ ஆகியவை இவற்றுக்கு ஒரே மூலத்திலிருந்து பிறந்த உறவுச் சொற்கள். அணை நிரம்பித் திறந்துவிடும் உபரி நீரை நினைத்துக்கொண்டால் ஹைப்பர் எது என்பது மறக்காது.

ஆனால் அந்தப் பெண்மணி தடுமாறியது சொல்லின் பொருளில் அல்ல, அது எதைப் பற்றிய சொல் என்பதில்தான். முன்னொட்டு குறிப்பது தைராய்டு சுரப்பியின் வேலையை, டி.எஸ்.எச்.சோ, அந்தச் சுரப்பியை வேலைவாங்குவதற்காக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். மாடு மந்தமாக நடந்தால் வண்டிக்காரர் குரலை உயர்த்துவதுபோல, தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது டி.எஸ்.எச். ஏறுகிறது, மிகுதியாகச் சுரந்தால் இறங்குகிறது. பிட்யூட்டரியே பழுதுபட்டிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், தேவைப்படும்போது தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் அளவையும் சேர்த்தே பார்க்கிறோம்.

சர்க்கரை நோயில் இந்த ஓரெழுத்துக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்த்து நடுங்குபவருக்கு உடனே 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுக்கவேண்டும். இந்த ‘ஹைப்போ’வை ‘ஹைப்பர்’ என்று தொலைபேசியில் தவறாகக் கேட்டு இன்சுலின் போட்டுவிட்டால் உயிருக்கே கேடு. அதனால் வீட்டார் அழைக்கும்போது நான் சொல்லைக் கேட்பதில்லை, மீட்டரில் தெரியும் எண்ணைத்தான் கேட்கிறேன்.

அந்தப் பெண்மணியின் சீட்டில் ‘தைராய்டு சுரப்பு குறைவு’ என்று தமிழிலேயே எழுதிக்கொடுத்து, மறுநாள் காலை முதல் வெறும் வயிற்றில் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறேன். 6 வாரம் கழித்து மறுபடியும் இரத்தப் பரிசோதனை.