ஆஸ்டியோபதி: எலும்பைப் பெயரில் சுமக்கும் மருத்துவம்

தமிழ்நாட்டில் ஒரு மருத்துவரின் பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ். என்பதை அடுத்து டி.ஓ. என்று எழுதியிருந்தால், அவர் கண் மருத்துவர் என்று பொருள். கண் மருத்துவப் பட்டயத்தின் சுருக்கம் அது. அதே இரண்டு எழுத்துகள் அமெரிக்காவின் மிச்சிகனிலோ மிசூரியிலோ ஒரு மருத்துவரின் வெள்ளை அங்கியில் தைக்கப்பட்டிருந்தால், அவர் குழந்தை மருத்துவராக இருக்கலாம், இதய மருத்துவராக இருக்கலாம், அறுவை மருத்துவராகவும் இருக்கலாம். அங்கே அதன் விரிவு ‘டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்’. எங்கள் உறவில் ஒரு பையன் இந்தப் படிப்பில் சேர்ந்த செய்தி ஊருக்கு வந்த அன்று, “எலும்பு டாக்டருக்கா படிக்கிறான்?” என்றுதான் அத்தை கேட்டார். அகராதியைப் புரட்டியிருந்தாலும் அவருக்கு ஏறக்குறைய அதே விடைதான் கிடைத்திருக்கும். இந்தச் சொல்லில் எலும்பு இருப்பது உண்மை. ஆனால் அது எதற்காக அங்கே வந்து உட்கார்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தமிழாக்கினால், பொருள் வேறு எங்கோ போய்விடும்.

ஆஸ்டியோன் என்பது கிரேக்கத்தில் எலும்பு. பாத்தோஸ் என்பதற்குத் துன்பம், நோய், ஒருவர் படுவது என்று பல பொருள்கள் உண்டு. ‘படு’ என்ற வினையிலிருந்து ‘பாடு’ என்ற பெயரை ஆக்கி, அதைத் துன்பத்துக்கும் நோய்க்கும் வைத்திருக்கிற நமக்கு இது புதிதல்ல. மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகும் நோய்க்குப் பெரும்பாடு என்று நம் மருத்துவ வழக்கில் பெயர் உண்டு. (இரண்டு மொழிகளும் ஒரே வகையில் பொருள் கொண்டிருக்கின்றன என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை, கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் வேர் தேட இது சான்றாகாது.) ஆக, ஆஸ்டியோபதி என்பதை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் ‘என்புப்பாடு’, அதாவது எலும்பு நோய், என்றுதான் வரும். நரம்பு நோயை நியூரோபதி என்றும் இதயத் தசை நோயைக் கார்டியோமயோபதி என்றும் சொல்லும் மருத்துவ மொழியில் அதுவே முறையான பொருளும்கூட.

நோயைக் குறித்த ஒட்டு, நோயைத் தீர்க்கும் முறையைக் குறித்தது எப்படி? இங்கே ஹானிமனை நினைத்துக்கொள்ள வேண்டும். ஹோமியோபதி என்ற பெயரை அவர் அமைத்தபோது, ‘பதி’ என்பதற்கு நோய் என்ற பொருளே இருந்தது. ஒத்த நோய்க்குறியை உண்டாக்கும் மருந்தால் நோயைத் தீர்ப்பது என்ற கொள்கையைச் சுருக்கி வைத்த பெயர் அது. தம்மோடு மாறுபட்டவர்களின் மருத்துவத்துக்கு அலோபதி என்று பெயரிட்டவரும் அவரே. இரண்டு பெயர்களும் பரவிய பிறகு, மக்கள் காதில் ‘பதி’ என்றாலே மருத்துவ முறை என்று ஆகிவிட்டது. நீர் சிகிச்சைக்கு ஹைட்ரோபதி என்ற பெயர் வந்தது அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் புதிய மருத்துவ முறை ஒன்றைத் தொடங்கும் எவருக்கும் இந்த ஒட்டு தயாராகக் காத்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை மெதடிஸ்ட் போதகர், மருத்துவரும்கூட. மகனும் தந்தையோடு இருந்து மருத்துவம் கற்று, உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று பணியாற்றினார். 1864இல் அவருடைய குழந்தைகள் மூவர் மூளை உறைக் காய்ச்சலில் இறந்தனர். வீட்டிலேயே மருத்துவர் இருந்தும், வெளியிலிருந்து மருத்துவர்களை அழைத்தும் பயனில்லை. பாதரசக் கலவையையும் அபினையும் சாராயத்தையும் அள்ளிக் கொடுத்த அக்கால மருத்துவத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அத்தோடு போயிற்று. உடலின் அமைப்பு பிசகினால் இரத்தமும் நரம்பும் தம் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது, அமைப்பைக் கையால் திருத்திவிட்டால் உடல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. தம் கொள்கையின் பிறந்த நாளாக அவர் குறித்தது 1874 ஜூன் 22.

பெயர் பின்னால்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராகப் போய் ‘மின்னல் வேக எலும்பு கட்டுபவர்’ என்று தம்மை விளம்பரம் செய்துகொண்டு பிழைத்தார் ஸ்டில். புத்தூர்க் கட்டு என்ற பலகையைத் தெருவுக்குத் தெரு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. பெயர் சூட்டியதற்கு அவர் சொன்ன காரணமும் எளியதுதான்: நோயின் காரணத்தைத் தேடும்போது எலும்பையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டார்; ஆகவே எலும்புக்குரிய சொல்லையும் நோய்க்குரிய சொல்லையும் சேர்த்தார். எலும்பு அவருக்குக் கைவைக்கும் இடம், உள்ளே நுழையும் வாசல். சிகிச்சைக்கு உரிய பொருள் முழு உடல். தமிழாக்கும்போது கைநழுவிப் போவது இந்த ஒரு செய்திதான்.

1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் அவர் பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பில் இருபத்தொரு பேர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். பள்ளிக்குக் கிடைத்த சாசனத்தின்படி எம்.டி. பட்டத்தையே (நம் ஊரில் போல மேற்படிப்பு அல்ல, அமெரிக்காவில் மருத்துவரின் அடிப்படைப் பட்டமே அது) கொடுத்திருக்கலாம். ஸ்டில் மறுத்து, டி.ஓ. என்ற தனிப் பட்டத்தைக் கொடுத்தார். அந்த எழுத்துகள் அன்று முதல் மாறவில்லை, விரிவுதான் மாறிக்கொண்டு வந்தது: முதலில் ‘டிப்ளமேட்’, பிறகு ‘டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதி’, இப்போது ‘டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்’. பெயர்ச்சொல்லாக இருந்த ஆஸ்டியோபதி கடைசியில் வெறும் அடைமொழியாக ஒதுங்கி, மருத்துவம் என்ற சொல்லுக்கு இடம் விட்டதைக் கவனியுங்கள். மருந்தை வெறுத்துத் தொடங்கிய பள்ளிகள் மருந்தியலையும் அறுவை மருத்துவத்தையும் பாடத்தில் சேர்த்துக்கொண்ட வரலாறு முழுவதும் அந்த ஒரு விகுதி மாற்றத்தில் அடங்கிவிடுகிறது.

1962இல் கலிபோர்னியாவில் இந்தச் சொல் அழிந்தே போயிருக்கும். அந்த மாநிலத்தின் டி.ஓ. மருத்துவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. ஆனார்கள், அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறி, இன்று அர்வைனில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியாக இருக்கிறது. புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் கொடுப்பதும் நின்றது. 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது மீண்டும் தொடங்கியது. 65 டாலரில் எம்.டி. ஆகிவிடக்கூடிய ஒருவர், முந்தின நாள் வரை அதற்குக் குறைந்த மருத்துவராக எப்படி இருந்திருப்பார் என்ற கேள்வியை எதிர்த்தரப்பு யோசிக்கவில்லை, டி.ஓ. தரப்புக்கு அதைவிட நல்ல வாதம் கிடைத்திருக்காது. மற்ற மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பியும் 1973இல் டி.ஓ.க்களுக்கு முழு உரிமம் வழங்கியது.

அட்லாண்டிக்கைக் கடந்தால் இதே சொல்லுக்கு வேறு பொருள். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்பவர் மருத்துவர் அல்லர். மருந்து எழுதவோ அறுவை செய்யவோ அந்தத் தகுதி இடம் தராது. கையால் உடலைச் சீர்செய்பவர் அவர். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பதிவு பெற்றுத் தொழில் செய்கிறார். பிரான்சிலும் மருத்துவப் பட்டம் இல்லாமலே ஆஸ்டியோபாத் ஆகலாம். அதனால்தான் அமெரிக்க டி.ஓ.க்கள் தம்மை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்ள விரும்புவதில்லை. ‘ஆஸ்டியோபதிக் பிசிஷியன்’ என்றே சொல்வார்கள். லண்டனில் ஒரு சித்தியும் டெட்ராய்ட்டில் ஒரு மாமாவும் இருக்கிற குடும்பத்தில் இந்த ஒரு சொல்லால் எவ்வளவு குழப்பம் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதுபவர் முதலில் எந்த நாட்டுப் பொருளில் எழுதுகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பள்ளிகளில் சேர்வது பிளஸ் டூ முடித்தவுடன் நடப்பதன்று. நான்காண்டு இளநிலைப் பட்டத்தின்போது உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை முடித்து, 472 முதல் 528 வரை மதிப்பெண் தரப்படும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அக்கோமாஸ் என்ற பொது விண்ணப்பம் மே மாதம் திறக்கும். ஒரே விண்ணப்பம் பல பள்ளிகளுக்குப் போகும்; அதன் பிறகு ஒவ்வொரு பள்ளியும் ‘செகண்டரி’ என்று தனிக் கட்டுரைகளையும் தனிக் கட்டணத்தையும் கேட்கும். இடங்கள் வந்த வரிசையில் நிரம்பிக்கொண்டே போவதால், ஜூனில் அனுப்பியவருக்கும் டிசம்பரில் அனுப்பியவருக்கும் வாய்ப்பு ஒன்றாக இராது. கல்லூரிப் பாடம் ஒன்றை மறுபடி படித்துத் தேறினால் அதன் பழைய மதிப்பெண் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்று மூத்த மாணவர்கள் சிலர் இன்னும் அறிவுரை சொல்வார்கள். அந்தச் சலுகை 2017இலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

டி.ஓ. மருத்துவர் ஒருவரின் அருகிலிருந்து அவர் வேலையைப் பார்த்து, அவரிடமே பரிந்துரைக் கடிதம் பெறுவதைப் பல பள்ளிகள் விரும்புகின்றன. எங்கள் பையன் ஒரு குடும்ப மருத்துவரிடம் விடுமுறை முழுவதும் அப்படி நின்றிருக்கிறான். நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி ‘ஏன் டி.ஓ.?’ என்பது. முழு மனிதனைப் பார்க்கும் மருத்துவம் என்ற விடையை எல்லாரும் சொல்வதால் கேட்பவர்களுக்கு அது அலுத்துப்போயிருக்கும். தான் நேரில் கண்ட ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் தப்பிக்கிறார். அந்த வகையில் இது சொல் விளக்கத் தேர்வும்தான்.

நான்காண்டுப் படிப்பின் பெரும்பகுதி எம்.டி. பள்ளிகளில் உள்ளதே: முதல் இரண்டாண்டு வகுப்பறை, அடுத்த இரண்டாண்டு மருத்துவமனை. உரிமத் தேர்வு மட்டும் தனி. காம்லெக்ஸ் என்று பெயர். பட்டத்துக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி இடங்களை மனத்தில் வைத்து எம்.டி. மாணவர்களின் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுதுவோர் பலர். இரண்டு வகைப் பட்டதாரிகளுக்குமான பயிற்சி இடங்களும் 2020இல் ஒரே அங்கீகார முறையின் கீழ் வந்துவிட்டன. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் ஆஸ்டியோபதிக் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

கூடுதலாக இவர்கள் கற்பது ஏறத்தாழ இருநூறு மணிநேரக் கைப்பயிற்சி. ஒரு தலைமுடியைத் தாளுக்கு அடியில் வைத்து, மேலிருந்து விரல் நுனியால் அது கிடக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். தெரிந்ததும் இன்னொரு தாளை மேலே வைப்பார்கள், பிறகு இன்னொன்று. விரல் பழகிய பின் சகமாணவரின் முதுகு. ஐந்தாம் மார்பு முள்ளெலும்பின் இருபக்கக் குறுக்கு முனைகளிலும் கட்டைவிரலை வைத்து, வலப்பக்கம் புடைத்திருக்கிறதா, அவர் முன்னால் குனியும்போது அது சமனாகிறதா என்று பார்ப்பார்கள். சமனானால், அந்த எலும்பு குனிந்த நிலையில் வலப்புறம் திரும்பிச் சாய்ந்து நிற்கிறது என்று சுருக்கக் குறியில் எழுதுவார்கள். இப்படிக் கையில் தட்டுப்படும் பிசகை முன்பு ‘ஆஸ்டியோபதிக் லீஷன்’ என்றார்கள். பிறகு தசை, மூட்டு, சவ்வு எல்லாம் அடங்கும்படி ‘சொமாடிக் டிஸ்ஃபங்ஷன்’ என்று மாற்றினார்கள். எலும்பு இங்கும் பெயரிலிருந்து விலகிக்கொண்டது. இந்தக் கைமுறைகளுள் முதுகுவலிக்கானவற்றுக்கு ஓரளவு சான்று உண்டு. மண்டை ஓட்டு எலும்புகளின் நுண்ணசைவை உணர்ந்து திருத்துவதாகச் சொல்லும் முறையின் மேல் கடுமையான ஐயங்கள் உண்டு. தேறிய பின் கைமுறையை அறவே தொடாத டி.ஓ.க்களும் நிறைய இருக்கிறார்கள்.

இனித் தமிழ்ச் சொல். ‘எலும்பு மருத்துவம்’ என்பது பொருந்தாது. அந்த இடத்தில் ஆர்த்தோபீடிக்ஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லில் எலும்பே இல்லை. 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், நேர் என்ற சொல்லையும் குழந்தை என்ற சொல்லையும் சேர்த்து, சிறார் உடலின் கோணலை நிமிர்த்தும் கலைக்கு வைத்த பெயர் அது. எலும்பு உள்ள பெயருக்கு எலும்பு பொருளில்லை, எலும்புக்கு உரிய பெயரில் எலும்பு இல்லை. நாம் என்ன செய்ய?

‘வர்மம்’ என்று பெயர்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அது தனக்கென்று நூலும் மரபும் உள்ள வேறு கலை. இரண்டிலும் கை வேலை செய்கிறது என்பதற்காகப் பெயரைக் கடன் கொடுக்க முடியாது. உடம்பைப் பிடித்துவிடும் முறையான சித்த மருத்துவத்தின் தொக்கணத்துக்கும் இதே நியாயம்தான். ‘இயன்முறை மருத்துவம்’ பிசியோதெரபிக்குப் போய்விட்டது. ‘கைவைத்தியம்’ என்றால் சுக்கும் மிளகும் கொடுக்கும் வீட்டு வைத்தியம் என்றே தமிழர் கொள்வர். ஆகவே கையால் செய்யும் அந்தப் பகுதியை மட்டும் ‘கைமுறைச் சிகிச்சை’ என்று சொல்லலாம்.

முறை முழுவதற்கும் தனித்தமிழ்ச் சொல் வேண்டுமானால், ‘என்புவழி மருத்துவம்’ என்பதை நான் முன்வைப்பேன். என்பு பழைய சொல். ‘என்பும் உரியர் பிறர்க்கு’ என்ற குறளால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது, எலும்பு மூட்டு மருத்துவத்தோடு குழம்பாது. ‘வழி’ என்பது ஸ்டில் சொன்ன காரணத்தைச் சுமக்கிறது: எலும்பின் வழியாக உடலுக்குள் போவது. முதல் முறை எழுதும்போது ‘ஆஸ்டியோபதி எனப்படும் என்புவழி மருத்துவம்’ என்று சேர்த்து எழுதிவிட்டு, பிறகு ஒன்றையே ஆளலாம். ஹோமியோபதியையும் அலோபதியையும் அப்படியே ஏற்றுக்கொண்ட தமிழுக்கு ஆஸ்டியோபதி ஒரு பாரமல்ல என்பாரோடும் எனக்குச் சண்டையில்லை.

பட்டம் பெற்றவரைக் குறிக்கும்போது, அமெரிக்கரானால் ‘என்புவழி மருத்துவப் பட்டம் பெற்ற மருத்துவர்’ என்றும், பிரிட்டனில் பதிவு பெற்றவரானால் ‘என்புவழிச் சிகிச்சையாளர்’ என்றும் பிரித்து எழுத வேண்டும். அத்தைக்கு இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “டாக்டருக்குப் படிக்கிறான் அத்தை, எல்லா டாக்டரும் படிக்கிறதோடு முதுகைப் பிடிச்சுப் பார்க்கவும் கத்துக்கிறான்” என்றேன். ஊருக்கு வந்தால் தன் இடுப்பைக் கொஞ்சம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார்.