எசென்ஷியல் ஆயில்: அத்தியாவசியமா, சாரமா?

பல்லின் வேர்க்குழாய் சிகிச்சை (ரூட் கெனால்) பற்றித் தமிழில் படிக்கும்போது 'அத்தியாவசிய எண்ணெய்கள் பாக்டீரியாவைக் கொல்லும்' என்ற வரி கண்ணில் படும். தாவரங்களிலிருந்து வடித்தெடுக்கும் 'எசென்ஷியல் ஆயில்'தான் இப்படி ஆகியிருக்கிறது. எசென்ஷியல் என்றால் இன்றியமையாதது என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டதால் வந்த வினை. எதற்கு அத்தியாவசியம் என்று கேட்டால் பதில் கிடையாது.

மூலச்சொல் 'எசென்ஷியா' என்ற லத்தீன். ஒரு பொருளை அதுவாகவே ஆக்கும் தன்மை, அதாவது சாரம். இடைக்கால ஐரோப்பிய ரசவாதிகள் நான்கு பூதங்களுக்கு அப்பால் ஐந்தாவது சாரம் ஒன்று உண்டு, அதை வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலத்தில்) வடித்தெடுக்கலாம் என்று நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நறுமண எண்ணெய்' பரவலாக இருக்கிறது. ஆனால் பல்லுக்குள் மணத்துக்கு வேலையில்லை. 'தைலம்' என்றால் மூலிகை போட்டுக் காய்ச்சியதும் அதில் சேர்ந்துவிடும். போதாததற்கு, எண்ணெய் என்பதே எள்+நெய். தைலமும் எள்ளைக் குறிக்கும் 'தில' என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். எசென்ஷியல் ஆயில்களோ கொழுப்பே அல்ல. தூய சார எண்ணெயைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் பிசுக்கில்லாமல் ஆவியாகிவிடும். வேதியியலில் 'ஆவியாகும் எண்ணெய்', மற்ற இடங்களில் 'சார எண்ணெய்' என்பது என் தேர்வு.

பல் மருத்துவத்தில் இதற்குப் பழைய உதாரணம் கிராம்பு எண்ணெய். அதன் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். கிராம்பு மரத்தின் பழைய தாவரவியல் பெயரான யூஜீனியாவிலிருந்து வந்த பெயர். துத்தநாக ஆக்சைடோடு குழைத்தால் இறுகும் என்பதால் தற்காலிக அடைப்புக்கும், வேர்க்குழாயை மூடும் பசைக்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. யூஜினாலும் ஓமத்தில் உள்ள தைமாலும் பாக்டீரியாவின் செல்சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பதை ஒழுகச் செய்கின்றன. வேர்ச் சுவரின் நுண்குழல்களில் ஒளிந்து, சிகிச்சைக்குப் பிறகும் தொல்லை தரும் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா மீது இவற்றை ஆய்வகங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, பல் வேறு. வேர்க்குழாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் அழுகிய பற்கூழையும் (பல்லுக்குள் இருக்கும் மென்திசுவையும்) கரைக்கும். இந்த எண்ணெய்களால் அது முடியாது, தண்ணீரிலும் இவை சரியாகக் கலப்பதில்லை. இன்னொரு சிக்கல், எஞ்சிய யூஜினால் பிசின் (ரெசின்) அடைப்பைச் சரியாக இறுக விடாது. அதனால் மேலே பிசின் வைக்க நினைக்கும் மருத்துவர் பெரும்பாலும் யூஜினால் இல்லாத பசையை எடுப்பார்.