மரபணுவுக்குப் பெயர் வைக்கும் முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

புதிதாகப் படிக்கப்பட்ட ஜீனோம்களில் (ஓர் உயிரினத்தின் முழு டிஎன்ஏ தொகுப்பில்) மரபணுக்களை அடையாளம் காண்பது என் வேலை. சரிபார்க்க வரும் பட்டியல்களில் ஒரே பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: பிளாஸ்ட் (எழுத்து வரிசை ஒத்திருக்கும் மரபணுக்களைத் தேடும் மென்பொருள்) தேடலில் எது முதலில் வந்ததோ அந்தப் பெயரையே சூட்டி, அதே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குரோமோசோமில் அந்த மரபணுவுக்கு முன்னும் பின்னும் என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள்; உறவுள்ள உயிரினங்களில் இந்த அண்டை வரிசை பல இடங்களில் அப்படியே நீடிக்கும்.

லெப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். பசியை அடக்கும் இந்த ஹார்மோனின் மரபணு 1994இல் எலியில் கிடைத்தது. 1998இல் கோழியிலும் கிடைத்துவிட்டது என்றார்கள். எலியினுடையதோடு ஏறக்குறைய 95 சதவீதம் ஒற்றுமை. பறவையும் பாலூட்டியும் பிரிந்து சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன, அவ்வளவு ஒற்றுமையே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். 2004இல் கோழியின் ஜீனோம் வெளிவந்தபோது அதில் அப்படியொரு மரபணுவே இல்லை.

ஆனால் 2005இல், ஃபுகு என்கிற பேத்தை மீனில் லெப்டினைக் கண்டுபிடித்தவர்கள் ஒற்றுமையை நம்பித் தேடவில்லை. மனித லெப்டினின் அண்டை மரபணுக்கள் மீனில் எங்கே வரிசையாக நிற்கின்றன என்று பார்த்து, அந்த இடத்தில் தேடினார்கள். கிடைத்த புரதம் மனிதனுடையதோடு வெறும் 13 சதவீதம்தான் ஒத்துப்போனது! பிளாஸ்டை மட்டும் நம்பியிருந்தால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பறவைகளின் அசல் லெப்டின் 2014இல் வல்லூறு போன்றவற்றில் கிடைத்தது, கோழியில் 2016இல். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஜி, சி இரண்டும் அதில் மிக அதிகமாக இருந்ததால் டிஎன்ஏவைப் படிக்கும் கருவிகள் அதைத் தவறவிட்டிருந்தன.

ரொட்டி ஈஸ்ட்டிலும் அண்டை மரபணுக்களின் வரிசைதான் கைகொடுக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் மூதாதையின் ஜீனோம் முழுசாக இரட்டிப்பானது, அப்புறம் அதிலிருந்து வந்த இனங்களில், சில மரபணுக்களில் ஒரு இனம் ஒரு நகலையும் இன்னொரு இனம் மற்ற நகலையும் இழந்தன. மிஞ்சிய இரண்டும் இரு இனங்களிலும் உள்ள ஒரே மரபணு போலத் தெரியும், அவை வெவ்வேறு நகல்கள் என்பதைச் சுற்றியிருக்கும் வரிசைதான் காட்டிக்கொடுக்கும்.

எல்லா இடத்திலும் இது செல்லாது. பாக்டீரியாக்களில் வரிசை சீக்கிரம் கலைந்துவிடும். அடுத்தடுத்து நகலான மரபணுக்களுக்கு அக்கம்பக்கம் ஒன்றேதான், அங்கே எது எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் மர வரைபடம் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஜீனோம் முழுசாக ஒட்டப்படாமல் துண்டுதுண்டாக இருந்து, உங்கள் மரபணு ஒரு துண்டின் ஓரத்தில் நின்றால், அண்டை மரபணு காணோம் என்பது எதையும் நிரூபிக்காது; பட்டியலில் "இடம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.