புதுக் கூரையின் முதல் மாரி

வன்னியில் பெரும்பாலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் புது வீட்டுக்கு ஓடு போடுகிறார்கள். மழை இல்லை, வேலை கெதியாக முடியும். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் எங்கேயோ ஒரு மூலையில் ஒழுகும். உடனே பழி ஓட்டின் மேல் விழும். அனேகமாக ஓட்டில் ஒரு பிழையும் இருக்காது.

ஓடுகளை ஒட்டிவைக்கப் பசை எதுவும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். தண்ணீரை வெளியே நிறுத்துவது சரிவும், ஓட்டின் ஓரத்தில் இருக்கும் வரம்பும், காடி என்கிற நீளப் பள்ளமும். இரண்டு பரப்புகள் மிக நெருங்கிக் கிடந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்த இடுக்கில் தண்ணீர் மேல்நோக்கியும் ஏறும். காடியில் அந்த இடுக்கு திடீரென அகலமாகிறது. ஏறிவந்த நீர் அதைத் தாண்ட முடியாமல் காடிக்குள் விழுந்து கீழே ஓடிவிடுகிறது. கச்சான் அள்ளிவரும் புழுதியும் புளியஞ் சருகும் காடியை நிரப்பினால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். புளியிலை பொடிசு, எங்கேயும் புகுந்துவிடும். வளவில் புளி நிற்கிறவர்கள் மாரிக்கு முன் ஒருதரம் மெல்லிய தும்புத்தடியால் கூட்டிவிடுவது நல்லது.

சரி, பிறகு ஏன் புதுக் கூரை ஒழுகுகிறது? முதல் வருடத்தில் அது அசைகிறது. மரக்காலையிலிருந்து வரும் சலாகையும் (சரிவாகக் கிடக்கும் மரம்) ரீப்பையும் (அதன்மேல் குறுக்கே அடித்து ஓட்டைத் தாங்கும் சட்டம்) பல வேளை முழுதாகக் காய்ந்திருக்காது. கூரையில் ஏறிய பிறகு மிச்ச ஈரத்தையும் விடுகின்றன. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. குறுக்குவாக்கில் சுருங்கும், சிலது முறுகும். ஆணியின் பிடி தளரும், ஓட்டின் மூக்கு ஒருபக்கம் தூக்கும். போதாததற்குப் பாரம் வேறு. ஓர் ஓடு இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 15 ஓடு. 100 சதுர மீற்றர் கூரை மூன்று தொன்னைத் தாண்டும். சுட்ட களிமண் தண்ணீர் குடிக்கும். தன் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குடித்தாலே இன்னும் 300 கிலோ ஏறிவிடும்.

இந்த அசைவையெல்லாம் முதலில் வாங்குவது முகடு. முகட்டோட்டைப் பிடித்திருக்கும் சாந்து வளையாது, வெடிக்கும். அதிலும் கச்சான் காலத்தில் பூசிய சாந்து தொடக்கத்திலேயே பலவீனம். சீமெந்து இறுகுவது காய்வதால் அல்ல, தண்ணீரோடு வேதிவினை புரிவதால். அந்த வினை நடந்து முடியுமுன் நீர் போய்விட்டால் சாந்து பாதியில் நின்றுவிடும். மேலே காற்று உறிஞ்சுகிறது. கீழே காய்ந்த ஓடும் உறிஞ்சுகிறது. அதனால்தான் நல்ல மேசன்மார் முகட்டோட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து வைக்கிறார்கள். பூசிய பிறகு ஈரச் சாக்கை முகட்டில் விரித்து, ஒரு கிழமைக்காவது காலையும் மாலையும் நனைப்பது வீட்டுக்காரர் வேலை. மேசன் வீட்டுக்குப் போனபிறகு இதை யாரும் செய்வதில்லை! சீமெந்தைக் கூடக் கலந்தால் பலம் என்று நினைப்பதும் சரியல்ல. சீமெந்து கூடிய சாந்து கூடுதலாகச் சுருங்கி, மயிரளவு வெடிப்புகளைத் தரும்.

அந்த வெடிப்பின்மேல் சீமெந்துக் கூழைத் தடவுவது காசுக்குக் கேடு. மரம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது, திரும்பவும் அதே இடத்தில் வெடிக்கும். முதல் மாரியைத் தற்காலிகமாகச் சமாளித்துவிட்டு, அடுத்த கோடையில் வெடிப்பைக் கொத்தித் திறந்து, நனைத்து, புதிதாக அடைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முகடு உறுதியாக இருக்க வேண்டியதற்குக் காற்றும் ஒரு காரணம். கூரையைத் தாண்டி வேகமாக ஓடும் காற்று மேலே அழுத்தத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் ஓட்டைத் தூக்கும். முகட்டிலும் ஓரங்களிலும்தான் அந்த இழுப்பு அதிகம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி வன்னி ஊடாகத்தான் போனது.

தகரச் சீற் போட்டவர்களுக்குப் பிரச்சினை வேறு. ஆறு மீற்றர்ச் சீற் ஒன்று விடியற்காலைக்கும் நடுமத்தியானத்துக்கும் இடையில் 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் நீளும். நாளும் பொழுதும் இப்படி நீண்டு சுருங்க, ஆணித்துளை பெருக்கும், றப்பர் வோசர் நையும். துளையிடும்போது விழும் இரும்புத்தூளை அன்றைக்கே கூட்டிவிடுங்கள். அது துருப்பிடித்து மேற்பூச்சையும் கெடுக்கும். நாகமும் (சிங்க்) அலுமினியமும் கலந்த பூச்சுள்ள சீற்றில் ஈரச் சாந்து தெறித்தால் காயுமுன் கழுவ வேண்டும், அதன் காரம் பூச்சை அரிக்கும்.

ஒழுக்குத் தேடுகிறவர்கள் ஒழுகும் இடத்துக்கு நேர்மேலே பார்த்து ஏமாறுவார்கள். உள்ளே வந்த நீர் சலாகையின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சில அடி இறங்கி, ஒரு கணுவிலோ ரீப்பையிலோ தடுக்கித்தான் சொட்டும். மரத்தில் கறுத்த கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். நல்ல வெயிலில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார்த்தால் விலகிய ஓடு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும்.

குரங்குக்கு மட்டும் இந்த அறிவியல் ஒன்றும் செல்லாது. ஒரு கூட்டம் முகட்டில் ஓடிப்போனால் நாலு ஓடாவது விலகும், ஒன்றிரண்டு உடையும். ஆகவே வீடு கட்டும்போதே இருபது, முப்பது ஓட்டை மிச்சம் வாங்கி வையுங்கள், அதே சூளையின் ஓடாக. தங்கொட்டுவைச் சூளை ஒன்றின் ஓடு பக்கத்துச் சூளை ஓட்டின் காடியில் சரியாக உட்காராமல் போகலாம். அச்சு வேறு.