நைஸ் என்றால் முட்டாள்

"நீங்க ரொம்ப நைஸ்" என்று யாராவது சொன்னால் மனசு குளிர்கிறது இல்லையா? இதையே 700 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அப்போது அந்தச் சொல்லுக்கு முட்டாள் என்று பொருள். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அதுதான் பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அறிதல் என்று பொருள்படும் 'ஸ்கீரே'தான் அதற்குள் இருக்கும் வேர், சயின்ஸ் என்ற சொல்லும் அதிலிருந்தே முளைத்தது என்பது கூடுதல் வேடிக்கை.

சரி, திட்டு எப்படிப் பாராட்டானது? ஒரே தாவலில் இல்லை. முட்டாள், அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிறவர், அப்புறம் நுணுக்கமானவர் என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. பேச்சைக் கேட்கிற யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை, சூழலைப் பார்த்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். "உடை விஷயத்தில் அவர் நைஸ்" என்று ஒருவர் குறையாகச் சொல்ல, கேட்கிறவர் அந்த ஆளின் கச்சிதமான உடையைப் பார்த்து அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம். இப்படிப் பலருக்குப் பல தடவை நடந்தால், அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் புகழ்ச்சிதான் முதல் பொருள். பழசு உடனே சாவதுமில்லை. மயிரிழை வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று இன்றும் எழுதுகிறார்கள்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. அசடு என்று பொருள்படும் ஆங்கில 'சில்லி' (silly) ஒரு காலத்தில் பாக்கியம் பெற்றவர், பிறகு அப்பாவி ஆகி, பரிதாபத்துக்குரியவர் ஆகி, கடைசியில் அசடு. நம் 'நாற்றம்' சங்கப் பாடல்களில் மணந்தது, இப்போது மூக்கைப் பொத்த வைக்கிறது.

நைஸுக்கு வந்த இன்னொரு நோய் தேய்மானம். வானிலை நைஸ், வேலை நைஸ், ஆளும் நைஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டி ஒட்டிப் பொருள் இளைத்துவிட்டது, இப்போது பாதி வேலையைக் குரல்தான் செய்கிறது. போன் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கும்போது பக்கத்தில் இருப்பவர் "நைஸ்!" என்பாரே, அது பாராட்டு இல்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழுக்குள் வந்த நைஸ் தனிக் கதை. துணி நைஸாக இருக்கிறது என்றால் வழுவழுப்பு, மெல்லிசு. நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தான், நைஸாக நழுவினான் என்கிறோம்; இதில் இனிமையைவிடத் தந்திரம்தான் தூக்கல். அந்த 'நைஸாக'வை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பினால் அவர்கள்தான் முழிப்பார்கள்.