லைப்போசக்‌ஷன்: 'கொழுப்பெடுப்பு' ஏன் ஒத்துவராது?

'கொழுப்பெடுத்தவன்' என்றால் தமிழில் திமிர் பிடித்தவன். பசியெடுப்பது, தாகமெடுப்பது போல இங்கே 'எடு' என்பது உள்ளிருந்து கிளம்புவதைக் குறிக்கிறது, அகற்றுவதை அல்ல. தோலுக்கடியில் குழல் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனுக்குக் 'கொழுப்பெடுப்பு' என்று பெயர் வைத்தால், போகிறவரை வீட்டிலுள்ளவர்களே கேலி பண்ணி ஓட்டிவிடுவார்கள். வேறு சொல் தேட வேண்டும்.

மூலத்தில் 'லிபோஸ்' கிரேக்கம், பொருள் கொழுப்பு. கொழுப்புக் கட்டியைச் சொல்லும் 'லைப்போமா'வும் அங்கிருந்து வந்ததுதான். 'சக்‌ஷன்' லத்தீன், உறிஞ்சுதலைக் குறிக்கும் 'சூகெரே' என்ற வினையில் பிறந்தது. மலாய் மொழியில் இந்தக் கலப்படம் எல்லாம் இல்லை, 'செடுட் லெமாக்' என்று முடித்துவிட்டார்கள். செடுட் என்றால் உறிஞ்சு. லெமாக், நாம் காலையில் பசியாறும் நாசி லெமாக்கில் இருக்கும் அதே லெமாக்.

தமிழில் கொழுப்புக்குச் சொல் பஞ்சமில்லை. பழைய இலக்கியத்தில் 'நிணம்' உண்டு; ஆனால் 'நிணநீர்' இன்று வேறொன்றைக் குறிப்பதால் குழப்பும். சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் சாரம், செந்நீர், ஊன் ஆகியவற்றுக்கு அடுத்து நிற்பது கொழுப்பு. அதையே வைத்துக்கொள்ளலாம். சிக்கல் இரண்டாம் பாதியில்.

'கொழுப்பு நீக்கம்' என்று எழுதுகிறார்கள். எப்படி நீக்கம்? வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கத்தியால் வெட்டி எடுத்துத் தைப்பதும் நீக்கம்தான். 'கொழுப்புக் கரைப்பு' இன்னும் மோசம். கரைப்பது லைப்போலிசிஸ்: ஊசி மருந்தோ கருவியோ கொழுப்பணுவைச் சிதைக்கும், வெளியே எதுவும் வராது. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால், கரைப்பு என்று நினைத்துப் போனவர் அறுவைக்குப் படுத்திருப்பார். ஆக, சொல்லில் 'உறிஞ்சு' இருந்தாக வேண்டும்.

அந்த 'உறிஞ்சு'வுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1920களில் பாரிஸில் துஜாரியே என்ற அறுவை மருத்துவர், பெண் ஒருவரின் காலை மெலிதாக்கக் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். இரத்தக் குழாய் சேதமாகி, கடைசியில் காலையே துண்டிக்க வேண்டியதாயிற்று. 1970களின் நடுவில் ரோமில் ஃபிஷர் என்ற மருத்துவர்கள், தந்தையும் மகனும், உறிஞ்சும் கருவியைக் கொண்டுவந்தார்கள். 1977இல் இல்லூஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் மொட்டை முனைக் குழலுக்கு மாறினார். கூர்மையான முனை நரம்பையும் இரத்தக் குழாயையும் அறுக்கும். மொட்டை முனை அவற்றை ஒதுக்கிக்கொண்டு போகும். இந்தக் குழலுக்குக் 'கான்யுலா' என்று பெயர், லத்தீனில் சிறு நாணல். தமிழில் உறிஞ்சுகுழல் என்றால் போதும்.

இன்னொரு சொல்லும் காதில் விழும்: 'டியூமசென்ட்'. லத்தீனில் வீங்குவது என்று பொருள். 'வீங்கவைத்து உறிஞ்சும் முறை' எனலாம். 1980களில் கலிபோர்னியாவின் க்ளைன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. 1 லிட்டர் உப்புநீரில் ஏறக்குறைய 500 முதல் 1,000 மில்லிகிராம் லிடோகெயினும் (மரத்துப்போக வைக்கும் மருந்து) 1 மில்லிகிராம் எபிநெஃப்ரினும் கலந்து, கொழுப்படுக்கு கெட்டியாகும்வரை ஏற்றுவார்கள். எபிநெஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோலை வெளுக்க வைக்கும். அதற்குக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இரத்தம் கூடும். பிறகு சில மில்லிமீட்டர் வெட்டு வழியே 2 முதல் 4 மில்லிமீட்டர் குழலை விட்டு முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். மறுகை தோலின்மேல் அழுந்தி முனை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முனை மேலே ஏறி வந்தால் தோல் அலையலையாகக் குழியும். வயிற்றுச் சுவரைத் துளைத்தால் குடலுக்கே ஆபத்து.

மருந்தின் கணக்கு முக்கியம். க்ளைன் சொன்ன பழைய வரம்பு கிலோவுக்கு 35 மில்லிகிராம் லிடோகெயின். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,100 மில்லிகிராம். லிட்டருக்கு 500 என்று கலந்தால் நான்கு லிட்டரோடு நிறுத்த வேண்டும். இரத்தத்தில் மருந்து உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது வீட்டில் தூங்கும்போது. மருந்து மிஞ்சி வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், நாவில் உலோகச் சுவை தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவு கூட ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

உறிஞ்சிய குப்பியில் மேலே மஞ்சள் கொழுப்பு, கீழே இளஞ்சிவப்பு நீர். '3 லிட்டர் எடுத்தோம்' என்றால் எல்லாமே கொழுப்பல்ல. 5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அறுவை. மருத்துவமனையில் இரவு தங்கிக் கண்காணிக்க வேண்டும். இது எடை குறைக்கும் வழியும் அல்ல. தொப்பையில் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பைக் குழல் தொடவே தொடாது. விரலால் கிள்ளிப் பிடிக்க வருவது மட்டுமே வரும். இறுக்க உடையைச் சில வாரம் போட வேண்டும், வீக்கம் வடிந்து உண்மையான வடிவம் தெரிய மூன்று மாதத்துக்கு மேல்கூட ஆகலாம்.

ஆக, என் தேர்வு 'கொழுப்புறிஞ்சு அறுவை'. வெறும் 'கொழுப்புறிஞ்சல்' என்றால் பள்ளி அறிவியலில் குடல் உணவை உறிஞ்சுவது நினைவுக்கு வரும். 'அறுவை' என்றால் பேச்சுவழக்கில் வேறொரு தொல்லை என்பது தெரியும்; இருந்தாலும் அந்தச் சொல்லை விடக் கூடாது. 2020இல் கோலாலம்பூர் அழகு நிலையம் ஒன்றில் கையில் கொழுப்பு உறிஞ்சிக்கொண்ட இளம்பெண் ஒருவர் இறந்துபோனார். பெயரில் 'அறுவை' இருந்தால், முகப்பூச்சுக் கட்டிலில் இதைச் செய்யலாமா என்ற கேள்வி தானாக வரும். பினாங்கோ கோலாலம்பூரோ, செய்கிறவர் பெயர் மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) பிரிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் அம்மாவுக்குப் புரியாவிட்டால், மலாய்ப் பெயரையே தமிழாக்கிச் சொல்லுங்கள்: தோலுக்கடியில் குழல் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள்.